கோடையில் புல்லைக் காப்பது எப்படி?



நெல்லைப் பற்றிப் பேசியிருக்கிறோம், காப்பியைப் பற்றியும் மிளகைப் பற்றியும் பேசியிருக்கிறோம். இன்றைக்குப் புல்லைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றதும், "புல்லுக்கு என்ன சார் பேச்சு? அது தானா முளைக்கும், தானா காயும்" என்று சிலர் சிரிக்கலாம். தானாக முளைக்கிற புல்லுக்கு நாம் ஒன்றும் செய்ய வேண்டாம்தான். ஆனால் ஏற்காட்டிலும் கிளியூர்ப் பக்கத்திலும் நம்மை நம்பியிருக்கிற புல் மூன்று வகை உண்டு. தங்கும் விடுதிகளிலும் பங்களாக்களிலும் போட்டிருக்கிற புல்தரை ஒன்று. அதைப் பார்த்துக்கொள்கிற வேலையில் நம் வீட்டுப் பிள்ளைகள்தான் இருக்கிறார்கள். இரண்டாவது, சரிவான காட்டில் வரப்பையும் கரையையும் பிடித்துக்கொண்டிருக்கிற புல். மூன்றாவது, கறவை மாட்டுக்காகப் போட்ட தீவனப் புல். தைப் பனி விலகி, மாசி பங்குனி வெயில் ஏறி, ஏரி வற்றி, கிளியூர் அருவியும் பாறையில் ஈரக்கோடாய் ஒடுங்குகிற காலத்தில் இந்த மூன்றும் ஒரே மாதிரிதான் கஷ்டப்படுகின்றன. காப்பாற்றும் வழியும் ஏறக்குறைய ஒன்றுதான்.

ஒரு கோடையில் கிளியூர் ஓரத்தில் ஒரு தம்பி என்னைப் பிடித்துக்கொண்டார். ஒரு விருந்தினர் விடுதியில் புல்தரை பராமரிக்கும் வேலை அவருக்கு. "சார், தினமும் சாயங்காலம் தண்ணி விடறேன். வாரா வாரம் மெஷின் போட்டு ஒட்ட வெட்டறேன். ஒருநாள்கூட விட்டதில்லை. ஆனாலும் புல்லு செத்துப் போச்சு. முதலாளி என் சம்பளத்தில் பிடிப்பேன் என்கிறார்" என்றார். குரலில் கோபத்தைவிட அழுகைதான் அதிகம் இருந்தது. போய்ப் பார்த்தேன். பழுப்பேறிய பாய் விரித்த மாதிரி இருந்தது தரை. ஒரு கத்தியை வாங்கி, உள்ளங்கை அகலத்துக்கு மண்ணோடு ஒரு துண்டு வெட்டி எடுத்துக் காட்டினேன். வேர் ஒரு அங்குலம்கூட இல்லை. மேல் மண் மட்டும் நனைந்திருந்தது. இரண்டு அங்குலத்துக்குக் கீழே மண் மாவு போல உலர்ந்து கிடந்தது.

அந்தத் தம்பி சோம்பேறி இல்லை. உழைப்பு முழுவதும் தப்பான இடத்தில் போயிருக்கிறது, அவ்வளவுதான். தினம் கொஞ்சம் தண்ணீர் தெளித்தால் மேல் மண் மட்டும் நனையும். வேர் தண்ணீர் இருக்கிற இடத்தை விட்டு நகராது. கீழே போக வேண்டிய அவசியம் அதற்கு இல்லை. அந்த மேல் மண்தான் வெயிலில் முதலில் காய்கிற மண். ஒருநாள் மோட்டார் ஓடவில்லை என்றால் போதும், புல் சாகத் தொடங்கிவிடும்.

ஒட்ட வெட்டுவது இதைவிடப் பெரிய தவறு. இலைதான் செடியின் அடுப்படி. சூரிய வெளிச்சத்தை வைத்து அங்கேதான் சமையல் நடக்கிறது. சமைத்ததில் ஒரு பங்கு வேருக்குப் போகிறது. இலையைப் பாதிக்கு மேல் அரிந்துவிட்டால், புல் முதலில் இலையைத்தான் திரும்பக் கட்டும். அதுவரை வேர் வளராது, பழைய வேரில் ஒரு பகுதியும் பட்டுப்போகும். உயர வெட்டிய புல்லுக்கு வேர் ஆழம், ஒட்ட வெட்டிய புல்லுக்கு வேர் மேலாக்கம். வீட்டில் ஒரு ஓரத்தில் நான்கு விரற்கடை உயரத்துக்குப் புல்லை விட்டுப் பாருங்கள். பக்கத்திலேயே ஒரு ஓரத்தில் ஒட்டச் சுரண்டிவிடுங்கள். இரண்டு மாதம் கழித்து இரண்டையும் வெட்டி எடுத்து வேரைப் பார்த்தால், நான் சொல்லாமலே உங்களுக்கு விளங்கிவிடும்.

இந்தப் புல் வித்தையை உலகத்திலேயே அதிகமாக ஆராய்ந்து வைத்திருப்பவர்கள் கோல்ப் விளையாட்டுக்காரர்கள். பெரிய மைதானத்தில் சின்னப் பந்தைக் கோலால் அடித்துக் குழியில் விழ வைக்கிற விளையாட்டு அது. கல்கத்தாவில் 1829-லேயே இதற்கு ஒரு கிளப் ஏற்பட்டது. நம் மாநிலத்தில் ஊட்டியிலும் கொடைக்கானலிலும் சென்னையிலும் கோல்ப் மைதானங்கள் இருக்கின்றன. நம் நாட்டில் தண்ணீர் இல்லாத ஊர்களில் புல்லே வைக்காமல், குழியைச் சுற்றி எண்ணெய் கலந்த மணலைப் பரப்பி விளையாடியதும் உண்டு. பசுமையாக இருக்க வேண்டிய இடத்துக்கு 'பிரவுன்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். இல்லாத தண்ணீருக்கு ஏங்காமல் இருக்கிற மணலை வைத்துச் சமாளித்தவர்களை நான் மெச்சத்தான் செய்வேன்.

பணக்காரர் விளையாட்டில் நமக்கு என்ன என்று கேட்காதீர்கள். வெப்ப நாடுகளில் அந்த மைதானங்களில் விரித்திருக்கிற புல் எது தெரியுமா? நம்ம அருகம்புல்தான்! நாம் களைக்கொத்தை எடுத்துக்கொண்டு வரப்பிலும் வயலிலும் பரம்பரையாக மல்லுக்கு நிற்கிறோமே, அதே அருகு. வெளிநாட்டில் அதற்குப் பெர்முடா புல் என்று பெயர். அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்தில் டிப்டன் என்ற ஊரில் கிளென் பர்ட்டன் என்ற விஞ்ஞானி இருந்தார். அவர் முதலில் மாட்டுக்குத்தான் அருகைத் தேர்வு செய்தார். 1943-ல் 'கோஸ்டல்' என்ற தீவன அருகை வெளியிட்டார். பிறகு நம் அருகையும் ஆப்பிரிக்காவின் மெல்லிய அருகையும் ஒட்டுச் சேர்த்து, 1956-ல் டிப்கிரீன், 1960-ல் டிப்வே என்ற ரகங்களைத் தந்தார். மைதானங்களில் பரவியவை இவை. இந்த ஒட்டு ரகங்கள் விதை பிடிக்காது. கொடித் துண்டை நட்டுத்தான் பெருக்க வேண்டும். ஆகவே 'டிப்வே விதை' என்று யாராவது பொட்டலம் கொண்டுவந்தால் காசு கொடுத்துவிடாதீர்கள்.

அதே பர்ட்டன்தான் கம்பிலும் கைவைத்தார். அவர் உருவாக்கிய டிப்ட் 23ஏ என்ற தாய்க் கம்பை வைத்துத்தான், 1965-ல் நம் நாட்டின் முதல் வீரிய ஒட்டுக் கம்பு எச்.பி. 1 லூதியானாவில் வெளிவந்தது. பின்னால் அடிச்சாம்பல் நோய்க்கு அது ஈடுகொடுக்க முடியாமல் போனது வேறு கதை. மாட்டுத் தீவனம், மனிதனின் கம்பங்கூழ், கோல்ப் மைதானம் மூன்றும் ஒரே ஆளின் வயலில் பக்கத்துப் பக்கத்தில் வளர்ந்தன என்பதுதான் எனக்குப் பிடித்த செய்தி.

அருகு ஏன் கோடையைத் தாங்குகிறது? அதற்கு மண்ணுக்கு மேலே ஓடும் கொடி ஒன்று, மண்ணுக்குள் ஓடும் கிழங்கு போன்ற தண்டு ஒன்று என்று இரண்டு சேமிப்புகள் உண்டு. தண்ணீர் இல்லாவிட்டால் இலையைக் காயவிட்டு, உயிரை அந்தக் கீழ்த்தண்டின் கணுவில் வைத்துக்கொண்டு தூங்கிவிடும். மழை வந்ததும் கணுவிலிருந்து துளிர்க்கும். உழவர்கள் அருகைச் சாகடிக்க முடியாமல் தவிப்பதும் இந்தக் கணுவால்தான். பழுப்பாகத் தெரிவதெல்லாம் செத்த புல் இல்லை. கொத்தாகப் பிடித்து இழுத்து, அடிக்கணுவை நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகவும் கெட்டியாகவும் இருந்தால் உயிர் இருக்கிறது. பழுப்பாக நொறுங்கினால்தான் போய்விட்டது. அந்தத் தம்பியின் தரையில் பாதிக்கு மேல் உயிர் இருந்தது. அதைக் காட்டியதும்தான் அவர் முகம் தெளிந்தது.

இப்போது தண்ணீர்க் கணக்குக்கு வருவோம். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் அது ஒரு லிட்டர். 5 சென்ட் புல்தரை ஏறக்குறைய 200 சதுர மீட்டர். உச்சிக் கோடையில் ஒரு நாளில் 5 மில்லிமீட்டர் தண்ணீர் ஆவியாகலாம். அதை முழுதாக ஈடுகட்டப் புறப்பட்டால் தினம் 1,000 லிட்டர், வாரத்துக்கு 7,000 லிட்டர் வேண்டும். ஆனால் அருகுக்கு அவ்வளவு வேண்டியதில்லை. ஆவியாவதில் மூன்றில் இரண்டு பங்கு கொடுத்தாலே பச்சையாக இருக்கும். வாரத்துக்கு 25 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 5 சென்டுக்கு 5,000 லிட்டர். கிராமத்தில் ஓர் ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் குடிநீர் என்று அரசாங்கம் அளவு வைத்திருக்கிறது. அந்தக் கணக்கில், 5 சென்ட் புல்லின் ஒரு வாரத் தண்ணீர் 13 பேர் ஒரு வாரம் குடித்துப் புழங்குகிற தண்ணீர். பெண்கள் குடத்தோடு ஊற்றுக்கு நடக்கிற மாதத்தில் ஓஸ் பைப்பைத் திறந்துவிடுவதற்கு முன்னால் இந்தக் கணக்கை ஒரு தடவை மனதில் போட்டுப் பாருங்கள். முதலாளியிடமும் இதே கணக்கைச் சொல்லலாம், தப்பில்லை.

அந்த 25 மில்லிமீட்டரை ஏழு நாளாகப் பிரித்துத் தெளிக்கக் கூடாது. வாரம் ஒருமுறை, மண் லேசாக இருந்தால் இரண்டுமுறை, ஆழமாக விட வேண்டும். நம் செம்மண்ணில் 25 மில்லிமீட்டர் தண்ணீர் இறங்கினால் ஏறக்குறைய அரை அடி நனையும். எவ்வளவு விட்டோம் என்று எப்படித் தெரிவது? நேரான பக்கம் உள்ள காலி டப்பாக்கள் நான்கைந்தைத் தரையில் அங்கங்கே வையுங்கள். தெளிப்பானைப் போடுங்கள். டப்பாவில் ஒரு அங்குலம் நிற்க எத்தனை நிமிஷம் ஆகிறது என்று பார்த்துக்கொண்டால் போதும். ஒரு டப்பாவில் ஒரு அங்குலமும் இன்னொன்றில் கால் அங்குலமும் இருந்தால் கோளாறு தெளிப்பானில்தான். மண் நனைந்ததா என்று பார்க்க அரை அங்குலக் கம்பி ஒன்று போதும். நனைந்த மண்ணில் சுலபமாக இறங்கும். காய்ந்த இடம் வந்ததும் நின்றுவிடும்.

சரிவில் ஒரு சிக்கல் உண்டு. ஒரேயடியாக விட்டால் தண்ணீர் வழிந்து பள்ளத்துக்கு ஓடும். பத்து நிமிஷம் விடுங்கள், அரை மணி நேரம் நிறுத்துங்கள், மறுபடியும் பத்து நிமிஷம் விடுங்கள். இப்படி மூன்று தடவை. நிறுத்துகிற நேரத்தில்தான் மண் குடிக்கிறது. ரொம்ப நாள் காய்ந்த மண் தண்ணீரை உருட்டித் தள்ளிவிடும், குடிக்காது. புழுதியில் விழுந்த மழைத்துளி முத்து முத்தாக உருள்வதைப் பார்த்திருப்பீர்கள். அப்படிப்பட்ட இடத்தில் கம்பியால் நான்கு விரல் இடைவெளியில், ஒரு சாண் ஆழத்துக்குக் குத்திவிட்டு, பூவாளியால் மெல்ல மெல்ல ஊற்ற வேண்டும். கோல்ப் மைதானங்களில் இதற்கென்றே மருந்தும் மெஷினும் உண்டு. நமக்குக் கம்பியும் பொறுமையும் போதும். சோப்புத் தூள் கரைத்து ஊற்றச் சொல்கிறவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள். அதிலுள்ள உப்பு காய்ந்த வேரை இன்னும் கருக்கும்.

நேரம் விடியற்காலைதான். மத்தியானம் விட்டால் கண்ணெதிரே ஆவியாகிப் போகும். சாயங்காலம் விட்டால் ராத்திரி முழுக்க இலை நனைந்து கிடக்கும். மலையில் பனியும் சேர்ந்துகொள்வதால் பூசணத்துக்கு விருந்து வைத்த மாதிரி. கோல்ப் மைதானத்தில் மட்டும் உச்சி வெயிலில் குழிப் பரப்பின் மேல் மெல்லிய தூறல் மாதிரி ஒன்றிரண்டு நிமிஷம் தெளிப்பார்கள். அது வேருக்கான தண்ணீர் இல்லை. நெற்றியில் ஈரத்துணி போடுகிற மாதிரி இலையின் சூட்டைத் தணிக்க. நாலு மில்லிமீட்டர் உயரத்துக்குச் சிரைத்து வைத்திருக்கிற புல்லுக்குத்தான் அந்த அவஸ்தை. நாம் அதைப் பார்த்துக் காப்பியடிக்க வேண்டாம்.

எப்போது தண்ணீர் வேண்டும் என்று புல்லே சொல்லும். பச்சை மங்கி ஒரு நீலச் சாம்பல் பூக்கும். இலை நெடுக்கே சுருளும். நடந்து போய்த் திரும்பிப் பாருங்கள். கால் தடம் அப்படியே பதிந்து நின்றால் புல்லுக்குத் தாகம். தடம் நிமிர்ந்துவிட்டால் இன்னும் இரண்டு நாள் பொறுக்கலாம். நாள்காட்டி பார்த்து விடுவதைவிடக் கால்தடம் பார்த்து விடுவதில் தண்ணீர் மிச்சமாகும்.

வெட்டுகிற உயரம். வீட்டு, விடுதிப் புல்தரையை மற்ற மாதங்களில் ஒன்று ஒன்றரை அங்குலத்தில் வைத்திருந்தால், மாசியிலிருந்து இரண்டு, இரண்டரை அங்குலத்துக்கு ஏற்றிவிடுங்கள். மெஷின் சக்கரத்தின் பக்கத்தில் உயரத்தை மாற்ற வசதி இருக்கும். பல பேர் அதைத் தொட்டதே இல்லை. ஒரு வெட்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது. பிளேடு கூர்மையாக இருக்க வேண்டும். மழுங்கிய பிளேடு புல்லை அறுக்காது, கிழிக்கும். கிழிந்த நுனி வெளுத்து, அந்த வழியாகவும் ஈரம் போகும். வெட்டிய புல்லைக் கூட்டி வாரிக் கொட்டாமல் அங்கேயே மெல்லியதாக விட்டுவிடுங்கள். மண்ணுக்கு நிழலும் ஆகும், எருவும் ஆகும். முதலாளிகள் சிலருக்கு இது 'குப்பை' என்று தோன்றும். இரண்டு நாளில் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும் என்று சொல்லிப் பாருங்கள்.

உரம் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. புல் வெளுத்தால் உடனே யூரியா மூட்டையைத் தேடுகிற பழக்கம் நம்மிடம் உண்டு. உச்சிக் கோடையில் யூரியா போட்டால் புல் பேராசையோடு இலை விடும். இலை கூடினால் தாகமும் கூடும், வேர் அதற்கு ஈடாகாது. தண்ணீர் சரியாக விடாவிட்டால் நேரடியாகவே கருகும். கோடைக்கு முன்பே, தை மாதத்தில் மண்ணில் ஈரம் இருக்கும்போது, மக்கிய சாணி எருவையும் மணலையும் சரிக்குச் சரி கலந்து சலித்துக் கால் அங்குலம் பரப்பலாம். சென்டுக்குக் கால் கிலோ மியூரேட் ஆஃப் பொட்டாஷ் போட்டுத் தண்ணீர் விடலாம். சாம்பல் சத்து வறட்சியைத் தாங்கும் பலத்தைக் கொடுக்கிறது. அதற்குப் பிறகு முதல் கோடை மழைவரை உர மூட்டையைக் கட்டி வைத்துவிடுங்கள்.

தண்ணீரே போதாத வருஷத்தில் என்ன செய்வது? இங்கேதான் கோல்ப் மைதானக்காரர்களிடம் நாம் படிக்க வேண்டிய பாடம் இருக்கிறது. 18 குழி உள்ள ஒரு மைதானம் நூறு, நூற்றைம்பது ஏக்கர் வரும். குழியைச் சுற்றியுள்ள நேர்த்தியான பரப்பு எல்லாம் சேர்ந்து மூன்று ஏக்கர் அளவுதான். வறட்சி வந்தால் அந்த மூன்று ஏக்கருக்குத்தான் முதல் தண்ணீர். நடுவில் உள்ள ஓட்டப்பாதைக்கு மிச்சமிருந்தால் உண்டு. ஓரத்துப் புல்லைப் பழுக்க விட்டுவிடுவார்கள். வண்டி ஓட்டாமல் கயிறு கட்டிவிடுவார்கள். தூங்குகிற புல்லின் மேல் மிதிபட்டால் கணு நசுங்கிவிடும் என்பதே காரணம். நாமும் அப்படியே முடிவு எடுக்கலாம். வாசல் எதிரில் ஒரு சென்டை மட்டும் பச்சையாக வைத்துக்கொள்ளுங்கள். மீதி நாலு சென்டை ஒட்ட வெட்டாமல், மிதிக்காமல் தூங்க விடுங்கள். அதற்கு மூன்று வாரத்துக்கு ஒருமுறை அரை அங்குலம் தண்ணீர் போதும். பச்சை வராது, ஆனால் கணு உயிரோடு இருக்கும். செய்யக் கூடாதது ஒன்று உண்டு. ஒரு வாரம் தண்ணீர் விட்டு எழுப்பி, மறுவாரம் காயப் போட்டு, மறுபடியும் எழுப்புவது. எழும்பும் ஒவ்வொரு தடவையும் கணுவில் சேர்த்த சேமிப்பு செலவாகிறது. இரண்டு மூன்று தடவை எழுப்பினால் அடுத்த தடவை எழ அதனிடம் ஒன்றும் இருக்காது.

இந்தச் சூட்சுமம் வெள்ளைக்காரன் கண்டுபிடித்தது என்று நினைக்க வேண்டாம். காங்கேயம் பக்கத்துக் கொறங்காட்டைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். மழை குறைந்த அந்தப் பூமியில் கிளுவை வேலி போட்டு, நடுவில் வெள்வேல மரம் விட்டு, கொழுக்கட்டைப் புல்லைத் தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றி வருகிறார்கள். காட்டைப் பல துண்டாகப் பிரித்து வைத்திருப்பார்கள். மழை பெய்து புல் துளிர்த்ததும் மாட்டை உள்ளே விடமாட்டார்கள். புல் தன் காலில் நின்ற பிறகுதான் திறப்பார்கள். ஒரு துண்டில் மேய்ந்தால் அடுத்த துண்டுக்கு ஓய்வு. காங்கேயம் மாட்டுக்கு எலும்பு தந்தது அந்த ஓய்வுதான் என்பது என் அபிப்பிராயம்.

இதை மலைக்குக் கொண்டு வருவோம். கம்பு நேப்பியர் ஒட்டுப்புல் போட்டவர்கள் கோடையில் அடியோடு அறுக்கக் கூடாது. தரையிலிருந்து ஒரு சாண் விட்டு அறுங்கள். அந்தத் தாளில்தான் அடுத்த துளிருக்கான இருப்பு இருக்கிறது. தண்ணீர் குறைந்தால் எல்லா வரிசைக்கும் பிய்த்துப் பிய்த்துக் கொடுக்காமல், பாதி வரிசைக்கு நிறையக் கொடுத்து மீதியைத் தூங்க விடுங்கள். பாத்திரம் கழுவிய தண்ணீரையும் குளித்த தண்ணீரையும் ஒரு மணல் குழியில் விட்டு இந்தப் புல்லுக்குத் திருப்பலாம். சலவைத் தண்ணீரை மட்டும் தினம் ஒரே இடத்தில் விடாமல் மாற்றி மாற்றி விடுங்கள்.

வரப்புப் புல்லுக்கு யாரும் தண்ணீர் விடப் போவதில்லை. அதற்கு வேண்டியது ஓய்வு ஒன்றுதான். பங்குனியில் தீவனம் இல்லையென்று ஆட்டை அவிழ்த்துச் சரிவில் விட்டால், ஆடு பல்லால் கணுவரைக்கும் கடித்து எடுத்துவிடும். அப்புறம் சித்திரையில் ஒரு கோடை மழை. காப்பிப் பூவை மலரவைக்கிற அந்த நல்ல மழைதான், புல் இல்லாத சரிவில் செம்மண்ணைக் கரைத்து இறக்கிக்கொண்டு போகிறது. ஓடை சிவந்து ஓடுவதைப் பார்த்து அழகு என்று நின்று ரசிக்கிறவர்கள் உண்டு. அது நம் காட்டின் மேல் மண். இரண்டு மாதம் ஆட்டைக் கட்டி வைத்து மரத் தழையும் வாங்கின வைக்கோலும் போடுவது கஷ்டம்தான், எனக்குத் தெரியும். ஆனால் போன மண்ணை எந்த விலைக்கும் வாங்க முடியாது. சரிவு மோசமாக இருந்தால் வரப்பு ஓரத்தில் வெட்டிவேரை நெருக்கமாக ஒரு வரிசை நட்டுவிடுங்கள். மழைக்காலத்தில் நட வேண்டும், கோடையில் அல்ல.

தண்ணீரெல்லாம் சரியாக இருந்தும் திட்டுத் திட்டாகப் புல் காய்ந்தால் கையால் பிடித்து இழுத்துப் பாருங்கள். பாயைச் சுருட்டுகிற மாதிரி தரை உரிந்து வந்தால் அது தாகம் இல்லை, வேர்ப்புழு. கீழே கிளறினால் வெள்ளையாக, அரைவட்டமாகச் சுருண்டு கிடக்கும். பொறுக்கிக் கோழிக்குப் போடுங்கள். அதன் தாய் வண்டு கோடை மழை விழுந்த ராத்திரிகளில் மண்ணைவிட்டு வெளியே வரும். அந்த நாட்களில் விளக்குப் பொறி வைத்து, கீழே தண்ணீரில் கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டு வைத்தால் நூற்றுக்கணக்கில் விழும். பக்கத்துக் காட்டுக்காரரும் அதே ராத்திரியில் வைத்தால் பலன் அதிகம். மருந்து அடிக்கிற யோசனை வந்தால், அதற்கு முன்னால் ஏற்காட்டில் இருக்கிற தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்திலோ, உங்கள் வட்டார விரிவாக்க மையத்திலோ அந்தப் புழுவைக் கொண்டுபோய்க் காட்டுங்கள். நம் மலைத் தண்ணீர் கீழே எத்தனையோ ஊர் குடிக்கிற தண்ணீர்.

முதல் நல்ல மழை விழுந்ததும் சந்தோஷத்தில் மெஷினை எடுத்துவிடாதீர்கள். புல் எழுந்து மூன்று அங்குலம் வரட்டும். முதல் வெட்டு நுனியை மட்டும். அப்போது சென்டுக்கு 200 கிராம் யூரியாவை ஈர மண்ணில் தூவித் தண்ணீர் விடலாம். சொட்டை விழுந்த இடத்தில் பக்கத்திலிருந்து கணுவுள்ள அருகுக் கொடியை வெட்டி, நான்கு விரல் இடைவெளியில் ஊன்றி மிதித்துவிட்டால், ஆனி ஆடிச் சாரலில் மூடிக்கொள்ளும். நான் சொன்ன அந்தத் தம்பி அப்படித்தான் செய்தார். இரண்டு மாதம் முதலாளியின் பேச்சைக் கேட்டுக்கொண்டு, ஒரு சென்டை மட்டும் நனைத்து, மீதியைத் தொடாமல் இருந்தார். மழைக்குப் பிறகு போனபோது, கத்தியால் ஒரு துண்டு வெட்டி அவரே என்னிடம் காட்டினார். வேர் ஒரு சாணுக்குக் கிட்டத்தட்ட இறங்கியிருந்தது. சம்பளமும் பிடிக்கவில்லையாம்.